ஏற்றத்துக்கு முன்னாலேயே லோ: தோட்டத்துப் பக்கி வண்டியில் கியர் மாற்றும் முறை

கீரிப்பாறைப் பக்கம் தனியார் ரப்பர்த் தோட்டம் ஒன்றில் சைடு பை சைடு வண்டி ஓட்டுகிறேன். முன்னால் இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்காரலாம். பின்னால் சின்ன டிப்பர் பெட்டி, நான்கு சக்கரத்துக்கும் இழுவை, தலைக்கு மேல் இரும்புக் கூண்டு. தோட்டத்து ஆட்களுக்கு அது 'பக்கி'. இதற்கு முன்பு மாறாமலை, பாலமோர் ஏற்றங்களில் ஜீப் ஓட்டிப் பழகிய கை என்னுடையது. புதிதாக வேலைக்கு வரும் பையன்களும் ஜீப்போ பிக்கப்போ ஓட்டிவிட்டுத்தான் வருகிறார்கள். அந்தப் பழக்கத்தோடேயே இந்த வண்டியின் கியர் ராடைப் பிடித்தால் முதலில் பெல்ட் போகும், பிறகு கியர் பாக்ஸ் போகும். இரண்டுமே நாகர்கோவிலில் கடையில் கேட்டவுடன் எடுத்துத் தருகிற சாமான் இல்லை. அது வந்து சேரும்வரை ரப்பர் பால் கேன்கள் தலைச்சுமையாகத்தான் மலை இறங்க வேண்டும். சுமக்கிறவர்களின் கழுத்தைப் பக்கத்தில் இருந்து பார்த்தவன் என்பதால், பையன்களுக்கு வாயால் சொல்லிக்கொடுப்பதை இங்கே எழுத்தில் வைக்கிறேன்.

கிளட்ச் மிதி எங்கே என்று எல்லோரும் கேட்பார்கள். கிடையாது. ஸ்கூட்டரில் இருக்கிற மாதிரியான பெல்ட் ஏற்பாடுதான் இதிலும், பெரிய அளவில். என்ஜின் பக்கம் ஒரு புல்லி, கியர் பாக்ஸ் பக்கம் ஒரு புல்லி, நடுவே தடித்த ரப்பர் பெல்ட். என்ஜின் ஐடிலிங்கில், அதாவது ஆக்சிலேட்டரைத் தொடாமல் சும்மா ஓடும்போது முன் புல்லியின் இரண்டு தட்டுகளும் விலகி இருக்கும். பெல்ட் நடுவில் சும்மா கிடக்கும். ஆக்சிலேட்டரை மிதித்தால் புல்லிக்குள் இருக்கும் எடைக்கட்டைகள் சுழலும் வேகத்தில் வெளியே விரிந்து தட்டுகளை நெருக்கும், பெல்ட் பிடிபடும், வண்டி நகரும். வேகம் கூடக்கூட பெல்ட் முன் புல்லியில் மேலே ஏறும், பின் புல்லியில் உள்ளே இறங்கும். ஒன்று, இரண்டு, மூன்று என்று ஜீப்பில் நாம் கையால் செய்த வேலையை இங்கே பெல்ட் தானே செய்துகொள்கிறது.

ஸ்கூட்டரில் இல்லாத ஒன்று, பெல்ட்டுக்குப் பின்னால் இருக்கும் கியர் பாக்ஸ். வேகத்துக்கு ஹை, இழுவைக்கு லோ, பிறகு நியூட்ரல், ரிவர்ஸ், சில மாடல்களில் பார்க். கியர் ராடு பேசுவது இந்தப் பெட்டியோடு மட்டும்தான். உள்ளே பல் வைத்த காலர் ஒன்று நகர்ந்து இன்னொரு பல்லோடு நேராகக் கோத்துக்கொள்ளும். கார் கியர் பாக்ஸில் இருப்பதுபோல் இரண்டு பக்கத்து வேகத்தையும் சமப்படுத்திவிட்டு உள்ளே விடுகிற சிங்க்ரோனைசர் இதில் கிடையாது. ஒரு பக்கம் சுற்றிக்கொண்டும் மறுபக்கம் நின்றுகொண்டும் இருந்தால் பல்லின் முனை பல்லின் முனையை அடிக்கும். கரகரவென்று நம் காதுக்கு வருவது இரும்பு தேயும் சத்தம். பழைய ஜீப்பில் நான்கு வீல் லோ போடும்போது வண்டியை நிறுத்திவிட்டுத்தானே இரண்டாவது ராடைத் தொடுவோம்? அந்த மரியாதையை இந்த ஒற்றை ராடுக்கு எப்போதும் கொடுக்க வேண்டும்.

(பெல்ட் இல்லாதவையும் உண்டு. யமஹாவின் ஒய்எக்ஸ்இசட் 1000ஆர் 5 கியர் மேனுவல், ஹோண்டாவின் டாலன் 6 கியர் இரட்டைக் கிளட்ச் என்று வந்தன. அவற்றுக்கு இங்கே சொல்வது பொருந்தாது. தோட்டங்களுக்கு வருபவை பெரும்பாலும் பெல்ட் வண்டிகளே.)

ஆக, ராடைத் தொடுவதற்கு முன்னால் வண்டி நின்றிருக்க வேண்டும், என்ஜின் ஐடிலிங்குக்கு இறங்கியிருக்க வேண்டும், கால் பிரேக்கில் இருக்க வேண்டும். கேட்க எளிது. தோட்டத்தில் நடப்பது வேறு. விடியுமுன்பே மரத்துப் பட்டையை வெட்டி, பால் சொட்டி முடிந்து, சிரட்டையிலிருந்து வாளிக்கும் வாளியிலிருந்து கேனுக்கும் வந்துவிட்டால் அப்புறம் எல்லோருக்கும் அவசரம். பால் உறைவதற்குள் ஷெட்டுக்குப் போக வேண்டும். உறையாமல் இருக்க அம்மோனியா ஊற்றியிருந்தாலும் மனசு கேட்காது. "சீக்கிரம் எடு பிள்ளே, பாலு கட்டியாவுது" என்று பின்னாலிருந்து குரல் வரும். பையன் ரிவர்ஸில் வந்து, வண்டி இன்னும் பின்னால் உருண்டுகொண்டிருக்கும்போதே ராடை இழுப்பான். கரகர. நான் சொல்வது எப்போதும் ஒன்றுதான்: "வண்டி நிக்கட்டு மக்கா. பெறவு கைய வை."

நின்றுவிட்டதா என்பதை இருக்கையில் இருந்து உணர்ந்து சொல்ல முடியாது. என்ஜின் அதிர்வு நம்மை ஏமாற்றும். சரிவான இடத்தில் சக்கரம் மெல்ல ஒரு சாண் நகர்ந்துகொண்டே இருக்கும். கதவுப் பக்கம் குனிந்து தரையில் கிடக்கும் ஒரு கல்லையோ ரப்பர்க் காயையோ பாருங்கள். அது உங்கள் முன் சக்கரத்தோடு அசையாமல் நின்றால் வண்டி நிற்கிறது. அதற்குப் பிறகும் ஒரு மூச்சு பொறுங்கள். பெல்ட்டும் பின் புல்லியும் சுற்றி ஓய அந்த நேரம் வேண்டும்.

விடியற்காலையில் இன்னொரு தொல்லை. குளிர்ந்த என்ஜினை ஸ்டார்ட் செய்ததும் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் தானாகவே ஐடிலிங்கை உயர்த்தி வைக்கும். அந்த வேகத்தில் முன் புல்லி பெல்ட்டை லேசாகப் பிடித்து இழுக்கும். வண்டி நின்றாலும் கியர் பாக்ஸின் உள்தண்டு சுற்றிக்கொண்டிருக்கும். அப்போது லோ போட்டால் கட்டாயம் கரகரக்கும். சத்தம் இறங்கி நிதானப்படும்வரை காத்திருங்கள், அதற்குள் கேன்களைக் கயிறு போட்டுக் கட்டி முடிக்கலாம். சூடான பிறகும் ஐடிலிங் இறங்கவில்லை, ஒவ்வொரு தடவையும் கரகரக்கிறது என்றால் குற்றம் கையில் இல்லை. ஐடிலிங்கையோ பெல்ட் இறுக்கத்தையோ மெக்கானிக் பார்க்க வேண்டும். புது பெல்ட் போட்ட கையோடு இந்தக் கரகரப்பு வந்தால் முதலில் இறுக்கத்தைத்தான் சந்தேகப்படுவேன்.

சில நேரம் எல்லாம் சரியாகச் செய்தும் ராடு உள்ளே போகாது. பல் முனையும் பல் முனையும் நேருக்கு நேர் முட்டி நிற்கிறது என்று அர்த்தம். உள்ளங்கையால் குத்தித் தள்ளுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்தக் குத்து உள்ளே காலரை நகர்த்தும் ஃபோர்க்கை வளைக்கும். சமதரை என்றால் நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, பிரேக்கை ஒரு விரற்கடை விட்டு வண்டியை இம்மி அளவு முன்னும் பின்னும் ஆடவிட்டு, மறுபடி பிரேக் பிடித்து, ராடை இரண்டு விரலால் தள்ளிப் பாருங்கள். 'டொக்' என்று வெண்ணெயாக விழும். சரிவு என்றால் பிரேக்கை விடவே கூடாது. என்ஜினை அணைத்துவிட்டு, கியரைப் போட்டுவிட்டு, பிரேக்கை மிதித்தபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். எங்கள் வண்டி அதற்கு ஒத்துக்கொள்கிறது. ராடு விழுந்ததும் டேஷில் எழுத்து மாறியதா என்று ஒரு பார்வை பார்த்த பிறகே ஆக்சிலேட்டர். பாதி கோத்த பல்லோடு மிதித்தால் ஏற்றத்தின் நடுவில் துள்ளி நியூட்ரலுக்கு வந்துவிடும்.

இனி லோ, ஹை. இங்கேதான் எனக்கும் ஜீப் டிரைவர்களுக்கும் வாக்குவாதம் வரும்.

லோ போடுவதை ஏதோ திறமைக் குறைவு மாதிரி நினைக்கிறார்கள். ஹையிலேயே ஏறிவிட்டது, பிறகு எதற்கு லோ என்பார்கள். ஏறிவிட்டது, உண்மை. பெல்ட் என்ன பாடுபட்டது என்பதை யாரும் மூடியைத் திறந்து பார்ப்பதில்லை. 50 லிட்டர் கேன் ஆறு வைத்தாலே 300 கிலோவை ஒட்டி வந்துவிடும். கூட இரண்டு ஆள். அந்தப் பாரத்தோடு ஹையில் மெதுவாக ஊரும்போது முன் புல்லி பெல்ட்டை முழுசாக நெருக்க வேண்டிய வேகத்துக்கு என்ஜின் வருவதே இல்லை. பெல்ட் பாதி பிடித்தும் பாதி வழுக்கியும் ஓடும். வழுக்கல் அத்தனையும் சூடு. எங்கள் வண்டியின் கையேடு மணிக்கு 11 கிலோமீட்டருக்குக் கீழே ஓடும் வேலை எல்லாவற்றுக்கும் லோவைத்தான் சொல்கிறது. பாரம் இழுப்பது, கரடுமுரடான தடம், லாரியில் ஏற்றி இறக்குவது எல்லாம் அந்தக் கணக்கில் வரும். எங்கள் தோட்டத்தில் தார் போட்ட ஒரு துண்டுப் பாதையைத் தவிர 11 கிலோமீட்டருக்கு மேல் போக இடம் ஏது? ஆகவே எங்களுக்கு லோதான் தினசரி கியர்.

போன இடவப்பாதி மழையில் ஒரு பையன் ஹையிலேயே ஆள் ஏற்றி, கேன் ஏற்றி, சரல் கொட்டிய ஏற்றத்தில் நடை நடையாகப் போய்வந்தான். ரப்பர் கருகும் வாடை ஷெட்டு வரைக்கும் வந்தது. புகைக்கூண்டில் உலரும் ரப்பர் ஷீட்டின் வாடை என்று முதலில் நினைத்தோம். என்ஜின் ஆறியதும் பெல்ட் மூடியின் திருகுகளைக் கழற்றினால் உள்ளே கரிப்பொடி, விரல் வைத்தால் மை ஒட்டுகிற மாதிரி. பெல்ட்டின் இரண்டு ஓரங்களும் மங்கலாக, சொரசொரப்பாக இருக்க வேண்டும். இதில் கண்ணாடி போல் மினுங்கியது. ஒரு இடத்தில் அகலம் குறைந்து இடுப்பு விழுந்திருந்தது. அது என்ஜின் முக்கியும் வண்டி நகராமல் நின்ற ஒரு கணத்தில், முன் புல்லி ஒரே இடத்தில் தேய்த்து எடுத்தது. அப்படி இடுப்பு விழுந்த பெல்ட் அதற்குப் பிறகு ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தடவை தட்டும். புறப்படும்போது வண்டி நடுங்கும். மாற்றுவதைத் தவிர வழியில்லை.

அந்த ஒரு கணம் எப்படி வருகிறது என்று தெரிந்தால் தவிர்க்கலாம். ஜீப்பில் ஏற்றத்தில் நிறுத்த வேண்டி வந்தால் பாதிக் கிளட்சில் வண்டியைத் தொங்கவைப்போம். அதே பழக்கத்தில் இங்கே ஆக்சிலேட்டரை லேசாக மிதித்துக்கொண்டு சரிவில் நிற்பார்கள். வண்டி நிற்கும், பெல்ட் எரியும். நிறுத்துவது பிரேக்கின் வேலை, அதை பெல்ட்டிடம் கொடுக்கக் கூடாது. புறப்படும்போதும் தயங்கித் தயங்கி மிதிக்காதீர்கள். லோவில், பிரேக்கை விடுகிற கையோடு ஆக்சிலேட்டரை உறுதியாக மிதியுங்கள், பெல்ட் பிடித்ததும் தேவைக்குக் குறைத்துக்கொள்ளுங்கள். உறுதியாக என்றால் உதைப்பது இல்லை. மூட்டையை ஒரே மூச்சில் தோளுக்கு ஏற்றுவோமே, அப்படி ஒரு தீர்மானம் காலில் வேண்டும்.

நான்கு சக்கர இழுவைக்கான பட்டனும் அப்படித்தான். சேற்றில் பின் சக்கரம் சுற்ற ஆரம்பித்த பிறகு அமுக்கினால், சுற்றுகிற வேகத்தில் முன் சக்கரத்து இழுவை வந்து மாட்டும், அச்சு அதிரும். காலை ஆக்சிலேட்டரில் இருந்து எடுத்து, சக்கரம் நின்றபின் அமுக்குங்கள். அதைவிட நல்லது, ஏற்றத்தின் அடிவாரத்திலேயே லோவும் நான்கு சக்கர இழுவையும் போட்டுவிட்டுப் பிறகு ஏறுவது. எங்கள் தோட்டத்தில் ஒவ்வொரு பெரிய ஏற்றத்துக்கும் கீழே சமமான ஒரு இடம் பார்த்து, அங்கே கட்டாயம் நிறுத்த வேண்டும் என்று வைத்திருக்கிறோம். நடு ஏற்றத்தில் கியர் மாற்றும் அவசியமே வரக் கூடாது.

அப்படியும் பாதியில் வண்டி மூச்சு வாங்கி நின்றுவிட்டால், பிரேக்கை அமுக்கிப் பிடியுங்கள். ராடு நியூட்ரலில் நிற்கவே கூடாது. வண்டியைத் திருப்பப் பார்க்காதீர்கள். சரிவுக்குக் குறுக்கே நின்ற வண்டி கவிழும், கேனில் பால் ஒரு பக்கம் ஒதுங்கினால் இன்னும் சீக்கிரம் கவிழும். பிரேக்கில் இருந்தபடி ரிவர்ஸ் போட்டு, ஏறிவந்த தடத்திலேயே நேர்கோட்டில், பிரேக்கை விட்டு விட்டுப் பிடித்து இறங்குங்கள். சில வண்டிகளில் ரிவர்ஸுக்கு வேகக் கட்டுப்பாடு உண்டு, அதைத் தாண்ட ஒரு ஓவர்ரைடு பட்டனும் உண்டு. ஆக்சிலேட்டரை மிதித்த நிலையில் அந்தப் பட்டனைத் தொட்டால் வண்டி பின்னால் பாயும். இறக்கத்தில் அதற்கு வேலையே இல்லை.

இறக்கம், ஏற்றத்தைவிட அதிகம் கவனிக்க வேண்டிய பாடம். ஜீப்பை முதல் கியரில் போட்டுவிட்டால் என்ஜினே பிடித்துக்கொண்டு இறக்கும். பெல்ட் வண்டியில் என்ஜின் வேகம் ஒரு அளவுக்குக் கீழே போனால் முன் புல்லி பெல்ட்டை விட்டுவிடும் என்று மேலே சொன்னேன் அல்லவா? இறக்கத்தில் காலை முழுசாக எடுத்தால் அதுதான் நடக்கும். லோவில் இருந்தாலும் நியூட்ரலில் உருளுவதுபோல் வண்டி விட்டுக்கொண்டு ஓடும். முதல் தடவை அனுபவிக்கிறவர்களுக்கு வயிற்றைக் கலக்கும். சில மாடல்களில் முன் புல்லிக்குள் ஒருவழி பேரிங் வைத்திருப்பார்கள், கால் எடுத்தாலும் பெல்ட்டின் பிடி விடாது. உங்கள் வண்டியில் அது இருக்கிறதா இல்லையா என்பதைச் சின்னச் சரிவில் சோதித்துத் தெரிந்துகொள்ளுங்கள். இல்லை என்றால், லோவில், ஆக்சிலேட்டரை ஒரு பொட்டு மிதித்து பெல்ட்டைப் பிடிக்கவைத்து, அந்தப் பிடியோடு என்ஜினால் இறங்க வேண்டும். பிடி விடுவது முதுகில் தெரியும், வண்டி சட்டென்று லேசாகிவிடும். உடனே ஒரு தொடு தொட்டால் மறுபடி பிடிக்கும். கூடவே கால் பிரேக்கும் அளவோடு. மரங்கள் இலை உதிர்க்கும் காலத்தில் காய்ந்த ரப்பர் இலை தடத்தில் மெத்தையாகக் கிடக்கும். அப்போது பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் சக்கரம் நின்றுவிடும், வண்டி நிற்காது. என்ஜின் பிடி இருந்தால் நான்கு சக்கரமும் சுற்றிக்கொண்டே இறங்கும், ஸ்டியரிங் சொன்ன பேச்சைக் கேட்கும்.

சரிவில் நிறுத்திவிட்டு இறங்குவதாக இருந்தால் பார்க் போட்டதும் காலை எடுத்துவிடக் கூடாது. வண்டி எடை முழுதும் கியர் பாக்ஸுக்குள் இருக்கும் ஒரு சின்ன இரும்புக் கொக்கியில் போய்த் தொங்கும். பிறகு ராடை வெளியே எடுக்க மல்லுக்கட்ட வேண்டும்; எடுத்தால் துப்பாக்கி மாதிரி சத்தம். கூட வந்தவரை இறங்கச் சொல்லி, கீழ்ப்பக்கச் சக்கரத்துக்கு மரக்கட்டை வைக்கச் சொல்லி, பிரேக்கை மெதுவாக விட்டு எடையைக் கட்டையில் சாயவைத்த பிறகு பார்க் போடுங்கள். எங்கள் பெட்டியில் ஆப்பாகச் செதுக்கிய பலாக்கட்டை இரண்டு எப்போதும் கிடக்கும். ஏற்கெனவே மாட்டிக்கொண்ட பார்க்கை எடுக்க, இரண்டு பேரை மேட்டுப் பக்கமாக ஒரு தள்ளு தள்ளச் சொல்லி, உடனே பிரேக்கை மிதித்துப் பிடித்தால் எடை விலகும், ராடு தானே வரும். உருளும் வண்டியில் பார்க் போடுவதைப் பற்றிப் பேசவே வேண்டாம். கொக்கி உடைந்து பெட்டிக்குள் விழுந்தால் செலவு பெரிது.

ஓடை கடந்த பிறகு என்ஜின் இரைகிறது, வண்டி நகரவில்லை என்றால் பெல்ட் மூடிக்குள் தண்ணீர் புகுந்திருக்கிறது. மிதித்து மிதித்துப் பார்க்காதீர்கள். சமதரையில் நியூட்ரலில் வைத்து, மூடியின் அடியில் உள்ள வடிகால் அடைப்பைத் திறந்து தண்ணீரை விட்டு, ஆக்சிலேட்டரைச் சிறிது சிறிதாக ஏற்றி இறக்கினால் காற்றில் உலரும். பிறகு லோவில் மெதுவாகப் புறப்பட்டுப் பாருங்கள். பெல்ட்டுக்குக் குளிர்காற்று போகும் வாயில் ரப்பர் இலை அடைத்திருக்கிறதா என்பதை வாரத்துக்கு ஒருமுறையாவது கையை விட்டுப் பாருங்கள். இலை உதிர்காலத்தில் தினமும்.

ராடுக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவே ஒரு கேபிள் ஓடுகிறது. சேறு காய்ந்து அதன் மூட்டு இறுகினாலோ, நட்டு தளர்ந்தாலோ, ராடு லோ என்று காட்டும், பெட்டி பாதி வழியில் நிற்கும். வண்டி கழுவிய பிறகு அந்த மூட்டில் கொஞ்சம் கிரீஸ் வையுங்கள். கழுவும் பைப்பை நேராக அதன்மேல் பிடிக்காதீர்கள். கியர் பாக்ஸ் எண்ணெய் எங்கள் வண்டிக்கு முதல் 25 மணி நேர ஓட்டத்தில் ஒருமுறை, பிறகு 100 மணிக்கு ஒருமுறை. பழைய எண்ணெயை வெள்ளைத் துணியில் ஊற்றிப் பார்த்தால் கியர் போடுகிறவரின் கை தெரிந்துவிடும். வடிகால் திருகின் காந்தத்தில் மாவு போல் ஒட்டியிருப்பது வழக்கமான தேய்மானம். ஊசி ஊசியாகச் சில்லு இருந்தால் யாரோ உருளும் வண்டியில் ராடை இழுத்துக்கொண்டிருக்கிறார்கள். டிரைவரை ஏசுவதற்கு முன் கூட உட்கார்ந்து ஒரு நடை போய்வாருங்கள். பெரும்பாலும் அவசரப்படுத்துகிறவர் வேறொருவராக இருப்பார்.

புதுப் பையனுக்கு நான் முதலில் ஏற்றத்தைக் காட்டுவதில்லை. ஷெட்டு முற்றத்தில், வெறும் வண்டியில், லோவிலிருந்து ரிவர்ஸ், ரிவர்ஸிலிருந்து லோ, சத்தம் வராமல் மாற்றும்வரை. அதன்பிறகு கல் அடுக்கிய பெட்டியோடு சின்னச் சரிவு. பால் கேன் கடைசியில்தான், அதுவும் வாய்வரை நிரப்பி மூடியது. அரைக்கேன் பால் அலையடித்து வண்டியைத் தள்ளும்.

பழைய வண்டி வாங்க நினைப்பவர்கள் மேட்டில் ஓட்டிப் பார்ப்பதோடு நிறுத்திவிடாதீர்கள். என்ஜின் குளிர்ந்திருக்கும்போதே போய், உங்கள் கையால் ஸ்டார்ட் செய்து, ஐடிலிங் இறங்கியதும் எல்லா நிலைக்கும் ராடைக் கொண்டுபோய்ப் பாருங்கள். பிறகு லோவில் மெதுவாகப் புறப்படும்போது நடுக்கம் வருகிறதா, சின்ன இறக்கத்தில் காலை எடுத்தால் வண்டி பிடிக்கிறதா ஓடுகிறதா என்று பாருங்கள். பெல்ட் மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். திறக்க மறுத்தால் விலையில் ஒரு புது பெல்ட்டையும் கழித்துப் பேசுங்கள். புது பெல்ட் போட்ட வண்டியை முதல் சில மணி நேரம் முழுப் பாரம் ஏற்றாமல், ஆக்சிலேட்டரை அழுத்திப் பிடிக்காமல் ஓட்டி பெல்ட்டைப் பதப்படுத்த வேண்டும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். பால் எடுப்பு உச்சத்தில் இருக்கும் வாரத்தில் அந்த வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள்.